ஆறு பந்துக்கு வெளியே ஒரு மால்கம் நாஷ்

ஒரே ஓவர்ல ஆறு சிக்ஸர் முதல்ல அடிச்சது யாருன்னு கேட்டா கிரிக்கெட் பாக்குற யாரும் டக்குனு வெஸ்ட் இண்டீஸ் கேரி சோபர்ஸ்னு சொல்லிடுவாங்க. போட்டது யாருன்னு கேட்டா கொஞ்சம் ஆழமா படிக்குற ஆளுங்க மால்கம் நாஷ்னு சொல்லுவாங்க. சரி, அந்த நாஷ் அதுக்கு அப்புறம் என்ன பண்ணார்னு மூணாவதா ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க, அங்கதான் எல்லாரும் முழிப்பாங்க. நானும் பல வருஷம் அந்த ஓவரோட அந்த மனுஷன் கிரிக்கெட்டை விட்டே போயிருப்பார்னுதான் ஏதோ ஒரு நினைப்புல இருந்தேன். ஸ்கோர்கார்டு, பழைய புள்ளிவிவரம்னு நோண்டுற பழக்கம் எனக்கு உண்டு, அப்படி ஒரு ராத்திரி அவரோட கரியர் நம்பரை எதேச்சையா பாத்தப்பதான் ஆடிப்போயிட்டேன். முதல்தர கிரிக்கெட்ல, அதாவது பல நாள் நடக்குற பெரிய மேட்ச்கள்ல, 993 விக்கெட். சராசரி 25.87. 336 மேட்ச். பேட்டிங்ல 7,129 ரன், அதுல ரெண்டு செஞ்சுரி. கிளமோர்கன் டீமுக்காக 1966-ல ஆரம்பிச்சு 1983 வரைக்கும் ஆடியிருக்கார், நடுவுல ரெண்டு வருஷம் கேப்டன் வேற. டெஸ்ட் மட்டும் ஒண்ணு கூட ஆடல.

இந்த மாதிரி ஆளுங்கதான் இங்கிலாந்து கவுண்டி கிரிக்கெட்டை, அதாவது மாவட்ட அணிங்க ஆடுற உள்ளூர் கிரிக்கெட்டை, தாங்குன தூண். நமக்குத் தெரிஞ்சதெல்லாம் பாய்காட், டேவிட் கவர், போத்தம்னு டெஸ்ட் ஆடினவங்க. அவங்க நாட்டுக்கு ஆடப் போன நாள்லயும், ஆடாத நாள்லயும், மழையிலயும் குளிர்லயும் ஊர் ஊரா போய் பந்து போட்டுட்டு சாயங்காலம் ஏதோ ஒரு சின்ன லாட்ஜ்ல படுத்து எந்திரிச்சு மறுபடி போட்டவங்க நூத்துக்கணக்குல இருந்தாங்க.

நாஷ் பொறந்தது 1945 மே 9, வேல்ஸ்ல அபர்கவென்னிங்கற ஊர்ல. பதினேழு முதல்தர கவுண்டி இருந்த அந்தக் காலத்துல வேல்ஸுக்குன்னு இருந்த ஒரே டீம் கிளமோர்கன்தான், இன்னிக்கும் ஒண்ணுதான். மத்த பதினாறும் இங்கிலாந்துல. அதனால கிளமோர்கன்காரங்களுக்கு எப்பவுமே நம்மள யாரும் கண்டுக்க மாட்டேங்குறாங்கன்னு ஒரு மனத்தாங்கல் உண்டு, செலக்டருங்க வேல்ஸ் பக்கம் எட்டிக்கூடப் பாக்குறதில்லைன்னு. அதுல நியாயமும் இருக்குன்னு தோணுது. டான் ஷெப்பர்டுன்னு ஒருத்தர் இதே கிளமோர்கனுக்கு 1950-லேர்ந்து 1972 வரைக்கும் போட்டு 2,218 விக்கெட் எடுத்தார். டெஸ்ட் ஆடாத பவுலருங்கள்ல உலகத்துலயே அதிக விக்கெட் அவர்துதான். அலன் ஜோன்ஸ்னு ஒரு ஓபனர், 36,049 ரன். 1970-ல உலக அணிக்கு எதிரா லார்ட்ஸ்ல இங்கிலாந்து கேப் குடுத்து ஆடவெச்சாங்க, அடிச்சது 5-உம் 0-உம், அதுக்கப்புறம் அந்த தொடர் டெஸ்ட் கணக்குல வராதுன்னு சொல்லி குடுத்த அந்தஸ்தையும் பிடுங்கிட்டாங்க. கௌரவமா ஒரு கேப் மட்டும் குடுத்தது 2020-ல, அம்பது வருஷம் கழிச்சு! இவங்க எல்லாரும் நாஷோட ஒரே டிரெஸ்ஸிங் ரூம்ல உக்காந்தவங்க.

அப்போ கவுண்டி வீரனோட வாழ்க்கை எப்படி இருந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லணும், ஏன்னா 993ங்கற நம்பர் எவ்ளோ வேர்வைன்னு அப்பதான் புரியும். சம்பளம் ஏப்ரல்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும்தான் வரும். குளிர்காலத்துல வேற வேலை தேடிக்கணும், இல்ல வெளிநாட்டுல எங்கயாவது கோச்சிங் போகணும். சீசன்ல வாரம் முழுக்க ஆட்டம், ஒவ்வொண்ணும் மூணு நாள் மேட்ச், புதன்ல ஆரம்பிச்சா வெள்ளியோட முடியும், சனிக்கிழமை அடுத்தது ஆரம்பம். 1969-லேர்ந்து ஞாயித்துக்கிழமை 40 ஓவர் லீக்னு ஒண்ணு வந்துச்சு பாருங்க, அதுதான் கூத்து, சனிக்கிழமை ஆரம்பிச்ச மூணு நாள் மேட்சை அப்படியே பாதியில நிறுத்திட்டு ஞாயித்துக்கிழமை கார் எடுத்துட்டு வேற ஊருக்குப் போய் வேற டீமோட 40 ஓவர் ஆடிட்டு ராத்திரியே திரும்பி வந்து திங்கக்கிழமை காலையில விட்ட எடத்துலேர்ந்து தொடரணும். பஸ் எல்லாம் கிடையாது, வீரருங்க அவங்கவங்க கார்லதான் ஓட்டிட்டுப் போவாங்க. பத்து பன்னெண்டு வருஷம் விசுவாசமா ஆடினா கவுண்டி ஒரு வருஷத்தை 'பெனிஃபிட் சீசன்'னு ஒதுக்கும், அந்த வருஷம் முழுக்க டின்னர், லாட்டரி, பப்ல உண்டியல்னு வசூல் பண்ணி அந்தப் பணத்தை ரிட்டயர்மென்ட்டுக்கு வெச்சுக்கலாம். நம்ம வெங்கட்ராகவன் 1973-லேர்ந்து 75 வரைக்கும் டெர்பிஷயருக்கு ஆடினது இதே சுத்துலதான்.

நாஷ் எந்த மாதிரி பவுலர்னா, இடது கை மிதவேகம், புது பந்துல ஸ்விங். சும்மா ஓடி வந்து ஸ்டம்புக்குக் குறி வெச்சு போட்டுட்டே இருக்குற ரகம், பெரிய வேகம் எல்லாம் கிடையாது. மேகம் மூடின வேல்ஸ் வானம், பச்சையா இருக்குற பிட்ச், இதுல பந்து காத்துல வளையும். வலது கை பேட்ஸ்மேனுக்கு ஆஃப் ஸ்டம்புக்கு வெளியேலேர்ந்து உள்ள வர்ற பந்து ஒண்ணு, அதே மாதிரி தெரிஞ்சு நேரா போய் கீப்பர்கிட்ட கேட்ச் குடுக்க வைக்குறது ஒண்ணு. இதுக்குன்னு பெயர் வாங்கின ஆளு, ஸ்பின்னர் இல்ல. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கு, ஏன்னா உலகமே பாத்த அந்த ஒரு ஓவர்ல அவர் போட்டது அவரோட சொந்தப் பந்தே இல்ல.

1968-ல கவுண்டி கிரிக்கெட்ல ஒரு பெரிய மாத்தம். அதுவரைக்கும் வெளிநாட்டுக்காரன் ஒரு கவுண்டிக்கு ஆடணும்னா அந்த ஊர்ல வந்து வருஷக்கணக்கா தங்கி தகுதி சம்பாதிக்கணும். அந்த வருஷம் கவுண்டிக்கு ஒரு வெளிநாட்டு வீரரை உடனே எடுத்துக்கலாம்னு விதியைத் தளர்த்தினாங்க. நாட்டிங்ஹாம்ஷயர் உடனே போய் உலகத்துலயே பெரிய ஆளான கேரி சோபர்ஸைப் பிடிச்சு கேப்டனாவும் போட்டுருச்சு. இன்னொரு பக்கம், ஆகஸ்ட் 27-ஆம் தேதி ஓவல் டெஸ்ட்ல டெரிக் அண்டர்வுட் ஈரமான பிட்ச்ல ஆஸ்திரேலியாவை 50 ரன்னுக்கு 7 விக்கெட்னு உருட்டிட்டார், இங்கிலாந்து முழுக்க அதுதான் பேச்சு. அண்டர்வுட் மாதிரி, ஸ்பின்னும் இல்லாம வேகமும் இல்லாம இடது கையில கட்டர் (விரலால வெட்டி பிட்ச்ல திரும்ப வைக்குற பந்து) கலந்து மெதுவா போட்டா என்னன்னு அந்த சீசன்ல நாஷ் ஒரு பரிசோதனை பண்ணிட்டிருந்தார். வயசு 23. டீம்ல இடம் உறுதியாகாத பையன், ரெண்டு தொழில் தெரிஞ்சா நிலைச்சுக்கலாம்னு கணக்கு போட்டிருக்கலாம், அதுல தப்பு சொல்ல ஒண்ணுமில்ல. எதிர்ல நின்ன சோபர்ஸே வேகம், விரலால சுத்துற ஆர்த்தடாக்ஸ் ஸ்பின், மணிக்கட்டால சுத்துற சைனாமேன்னு மூணு விதமா போடக்கூடிய ஆளுதானே.

ஆகஸ்ட் 31, சனிக்கிழமை, ஸ்வான்ஸீல செயின்ட் ஹெலன்ஸ் மைதானம். கடற்கரைக்குப் பக்கத்துல இருக்குற மைதானம், ரக்பியும் அங்கதான், பெவிலியன்லேர்ந்து பேட்ஸ்மேன் எறங்கி வர்றதுக்கு ஏகப்பட்ட படி, அவுட்டாகி ஏறிப் போறதுக்குள்ள பாதி உசுரு போயிரும்னு சொல்லுவாங்க. நாட்டிங்ஹாம்ஷயர் முதல் நாளே 300 தாண்டிருச்சு, 308-க்கு 5 இருக்கும்போது சோபர்ஸ் வந்தார். டிக்ளேர் பண்றதுக்கு முன்னாடி வேகமா ரன் வேணும், பந்து நாஷ் கையில, அதுவும் மெதுவா போடுற ஸ்டைல்ல.

முதல் ரெண்டு பந்தும் மைதானத்தைத் தாண்டி வெளியே போயிருச்சு. பக்கத்துல கிங் எட்வர்டு ரோடு, எதிர்ல கிரிக்கெட்டர்ஸ்னு ஒரு பப். மூணாவது லாங் ஆஃப் மேல. நாலாவது லெக் பக்கம். இந்த எடத்துல கேப்டன் டோனி லூயிஸ் வந்து அவரோட பேசினதா சொல்றாங்க, நாஷ் விட்டுக்குடுக்கல, நானே போட்டு முடிக்குறேன்னு நின்னார். அஞ்சாவது பந்துதான் கதையே. சோபர்ஸ் சரியா மாட்டாம லாங் ஆஃப்ல தூக்கிட்டார், ரோஜர் டேவிஸ் எல்லைக்கோட்டுல நின்னு பிடிச்சும் பிடிச்சுட்டார், பிடிச்ச வேகத்துல பின்னாடி சாஞ்சு கோட்டுக்கு மேல விழுந்துட்டார். சோபர்ஸ் அவுட்டுன்னு நெனச்சு நடக்க ஆரம்பிச்சாச்சு. கூட்டம் கத்துது, சிக்ஸு சிக்ஸுன்னு. அம்பயருங்க பேசிப் பேசி கடைசில கைய ரெண்டையும் மேல தூக்கிட்டாங்க. கேட்ச் முடியற வரைக்கும் ஃபீல்டர் எல்லைக்குள்ளயே இருக்கணும்னு அந்த சீசன்ல சோதனையா ஒரு விதி போட்டிருந்தாங்க. அந்த விதியோட கெடுபிடியிலதான் அது விக்கெட்டா இல்லாம ஆறா ஆச்சு. டேவிஸ் பாதம் கொஞ்சம் உறுதியா நின்னிருந்தா நாஷ்ங்கற பேரை நான் இன்னிக்கு டைப் பண்ணவே போறதில்ல.

ஆறாவது எங்க போச்சுன்னு கேக்காதீங்க. பிபிசி வேல்ஸ்ல வர்ணனை பண்ண வில்ஃப் வுல்லர், இவரே முன்னாள் கிளமோர்கன் கேப்டன், 1948-ல அவங்க முதல் சாம்பியன்ஷிப் ஜெயிச்சப்போ தலைமை தாங்கினவர், பந்து ஸ்வான்ஸீ ஊருக்குள்ளயே போயிருச்சுன்னு கத்தினது இன்னிக்கும் யூடியூப்ல கேக்கலாம். சொந்த டீம் அடிவாங்குறப்போ அந்தக் குரல்ல இருக்குற சந்தோஷத்தைக் கேளுங்க, வருத்தமே இல்ல, மனுஷன் குதிக்காத குறைதான்.

இப்ப அந்த இன்னிங்ஸ் ஸ்கோர்கார்டைப் பாருங்க. நாட்டிங்ஹாம்ஷயர் 394-க்கு 5, டிக்ளேர். விழுந்த அஞ்சு விக்கெட்ல நாலு எடுத்தது யாரு? நாஷ். 21 ஓவர், 3 மெய்டன், 100 ரன், 4 விக்கெட். அந்த ஓவரை எடுத்துட்டுப் பாத்தா 20 ஓவர்ல 64 ரன் குடுத்து 4 விக்கெட், அன்னிக்கு கிளமோர்கன் பக்கத்துல உருப்படியா போட்டதே இவர்தான். இதை நான் எங்கயும் யாரும் சொல்லிக் கேட்டதில்ல. டிவி, குவிஸ், கிரிக்கெட் புத்தகம்னு எல்லா எடத்துலயும் அவர் ஏதோ தெருவுல போன ஆளைக் கூட்டிட்டு வந்து பந்தைக் கையில குடுத்த மாதிரிதான் காட்டுறாங்க.

எல்லாத்துக்கும் காரணம் அன்னிக்கு அங்க கேமரா இருந்ததுதான்னு நான் நினைக்குறேன். கவுண்டி மேட்ச்ல பெரும்பாலானது யாருமே படம் பிடிக்காம காத்தோட போனது. இதுக்கு முன்னாடி ஒரு ஓவர்ல அதிக ரன் சாதனை யாரோடதுன்னு பாத்தா அதுவும் ஒரு நாட்டிங்ஹாம்ஷயர்காரர்தான், டெட் ஆலட்சன். 1911-ல ஹோவ்ல சசெக்ஸுக்கு எதிரா 90 நிமிஷத்துல 189, லஞ்சுக்கு அப்புறம் மட்டும் 40 நிமிஷத்துல 142, ஒரு ஓவர்ல ரெண்டு நோபாலோட 34 ரன். வாழ்க்கையில அவர் அடிச்ச ஒரே முதல்தர செஞ்சுரி அது. அந்த 34 குடுத்தவர் கில்லிக்குனு ஒருத்தர். அவரை இன்னிக்கு யாராவது கேலி பண்றாங்களா? படம் இல்ல, அதனால இல்ல. ஆலட்சனே மறந்து போயிட்டார், அவருக்குப் போட்டவரை யார் தேடப் போறா.

சரி, அடுத்து என்ன ஆச்சு. பையன் இடிஞ்சு போயிருப்பான்னு நெனப்போம். அடுத்த வருஷமே, 1969-ல கிளமோர்கன் ஒரு மேட்ச் கூட தோக்காம கவுண்டி சாம்பியன். புது பந்துல முக்கிய ஆளு நாஷ். அந்த வருஷம்தான் அவருக்கு கவுண்டி கேப் குடுத்தாங்க, அதாவது டீம்ல நிரந்தர ஆளுங்கற அங்கீகாரம். கார்டிஃப்ல சோஃபியா கார்டன்ஸ்ல வொர்ஸ்டர்ஷயரை ஜெயிச்சு பட்டத்தை எடுத்தாங்க, ஷெப்பர்டோட 2,000-ஆவது விக்கெட்டும் அதே மேட்ச்ல விழுந்துச்சு. கிளமோர்கன் வரலாறுலயே சாம்பியன்ஷிப் மொத்தம் மூணு தரம்தான், 1948, 1969, 1997. அதுல ஒண்ணுல நாஷ் இருக்கார். எத்தனை டெஸ்ட் வீரருங்களுக்கு அது கூட கிடைக்கலன்னு எண்ணிப் பாருங்க.

சோதனையா போட்ட அந்த மெதுவான பந்து என்ன ஆச்சுன்னா, மூட்டை கட்டிட்டு பழையபடி ஸ்விங்குக்கே போயிட்டார். அதுதான் புத்திசாலித்தனம். பதினஞ்சு வருஷம் அதையே போட்டு விக்கெட் குவிச்சார். 1975-ல பேசிங்ஸ்டோக்ல ஹாம்ப்ஷயருக்கு எதிரா 56 ரன்னுக்கு 9 விக்கெட். ஹாம்ப்ஷயர்னா அப்ப சாதாரண டீம் இல்ல, பேரி ரிச்சர்ட்ஸும் கார்டன் கிரீனிட்ஜும் ஓபன் பண்ண காலம், ரெண்டு வருஷம் முன்னாடிதான் சாம்பியன் ஆன டீம். ஒன்பது விக்கெட்! எத்தனையோ டெஸ்ட் பவுலருக்கு ஒரு இன்னிங்ஸ்ல ஒன்பது விக்கெட் வாழ்நாள்ல வாய்க்காது. அதோட வீடியோ இருக்கான்னு மணிக்கணக்கா தேடினேன், ஒரு துண்டு கூட சிக்கல. ஆறு சிக்ஸர் வீடியோ மட்டும் எத்தனை சேனல்ல எத்தனை மியூசிக் போட்டு ஓடுது.

பேட்டிங்லயும் சும்மா இல்ல. கீழ் வரிசையில வந்து தூக்கி அடிக்குறது அவருக்குப் பிடிச்ச வேலை, சராசரி 17.73ன்னு இருந்தாலும் அடிச்ச நாள்ல தரமா அடிப்பார். அதாவது சிக்ஸ் அடிக்குறவன் மனசு என்னன்னு அவருக்கு நல்லாவே தெரியும், அதனாலதானோ என்னவோ சோபர்ஸ் மேல அவருக்கு கடைசி வரைக்கும் ஒரு துளி கோபம் இருந்ததா தெரியல.

1977-ஐ மட்டும் தனியா எடுத்துப் பேசணும், ஏன்னா அந்த ஒரு வருஷத்துல அவரோட முழு கரியரும் இருக்குன்னு எனக்குத் தோணும். கிளமோர்கன் முதல் தடவையா லார்ட்ஸ்ல ஒரு கப் ஃபைனலுக்குப் போச்சு, ஜில்லெட் கப்னு ஒரு நாள் போட்டித் தொடர், எதிரி மிடில்செக்ஸ். வேல்ஸ்லேர்ந்து கூட்டம் கூட்டமா பாட்டு பாடிட்டு லண்டனுக்கு வந்தாங்க. முதல்ல ஆடின கிளமோர்கன் 177-க்கு 9, பெரிய ஸ்கோர் இல்ல, மைக் லூயலின் அடிச்ச ஒரு சிக்ஸர் லார்ட்ஸ் பெவிலியன் உச்சி வரைக்கும் போனதைத்தான் அவங்க ஊர்க்காரங்க இன்னிக்கும் பேசுவாங்க. பதிலுக்கு மிடில்செக்ஸ் எறங்குது, ஓபனர் மைக் பிரியர்லி, அப்போ இங்கிலாந்து கேப்டன், அந்த கோடையில ஆஷஸ் ஜெயிச்ச கையோட வந்திருக்கார். நாஷ் ஓடி வந்து போட்ட முதல் பந்து, எட்ஜ், கீப்பர் எய்ஃபியன் ஜோன்ஸ் கையில கேட்ச். இன்னிங்ஸோட முதல் பந்துல இங்கிலாந்து கேப்டன் காலி! அடுத்து வந்த கிளைவ் ராட்லிக்கு ஆரம்பத்துலயே ஸ்லிப்ல ஒரு கேட்ச் விட்டாங்க, அவர் கடைசி வரைக்கும் நின்னு 85 அடிச்சு மேட்சை எடுத்துட்டுப் போயிட்டார். அந்தக் கேட்ச் மட்டும் பிடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு கிளமோர்கன்காரங்க கிட்ட கேட்டா ராத்திரி முழுக்க பேசுவாங்க.

அதே 1977, அதே ஸ்வான்ஸீ, அதே செயின்ட் ஹெலன்ஸ். லங்காஷயர் பேட்ஸ்மேன் ஃபிராங்க் ஹேய்ஸ், பந்து போடுறது நாஷ். ஆறு, நாலு, ஆறு, ஆறு, ஆறு, ஆறு. 34 ரன்! ரெண்டாவது பந்து மட்டும் கொஞ்சம் தூரம் குறைஞ்சு பவுண்டரியா போச்சு, இல்லன்னா உலகத்துல ரெண்டு தடவை ஆறு சிக்ஸர் வாங்கின ஒரே ஆளுன்னு இன்னொரு பட்டம் சேர்ந்திருக்கும். ஒரு ஓவர்ல அதிக ரன் குடுத்த பட்டியல்ல ரொம்ப நாளைக்கு 36-உம் நாஷ், 34-லயும் நாஷ். ஒரு மனுஷனுக்கு விதி இப்படியுமா விளையாடும்னு இருக்கும். எனக்கு இதுல சிரிப்பு வந்துச்சு முதல்ல, அப்புறம் யோசிச்சா மரியாதைதான் வந்துச்சு. ஒன்பது வருஷம் கழிச்சும் அதே மைதானத்துல, அதே எல்லைக்கோட்டைப் பாத்துக்கிட்டு, அடிக்குறவன் அடிக்க வர்றான்னு தெரிஞ்சும் பந்தை வாங்கிப் போட்டுட்டுத்தான இருந்திருக்கார். ஓடி ஒளியல.

1980-லயும் 81-லயும் கேப்டன். டீம் அப்போ நல்லா இல்ல, அதைப் பத்தி சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல. 1983-ல கிளமோர்கன் கணக்கு முடிஞ்சுது, விக்கெட் 993-ல நின்னுச்சு. ஆயிரத்துக்கு ஏழு கம்மி. இந்த ஏழு எனக்கு அந்த ஆறை விட பெருசா உறுத்துது. ஒரு நல்ல மேட்ச்ல ஒரே இன்னிங்ஸ்ல எடுக்கக்கூடிய ஏழுதான் அது, பேசிங்ஸ்டோக்ல ஒன்பது எடுத்தவருக்கு. ஆயிரம் முதல்தர விக்கெட்ங்கறது இப்பெல்லாம் சுலபமா தொட முடியாத எடம், மேட்ச் எண்ணிக்கை அவ்ளோ குறைஞ்சு போச்சு. ஜேம்ஸ் ஆண்டர்சன் அங்க போய்ச் சேர்ந்தது 2021-ல, அதுவும் நூத்தி அறுபது டெஸ்ட்டுக்கு மேல ஆடினதுக்கு அப்புறம்.

அப்புறம் ஷ்ரோப்ஷயருக்கு, முதல்தரத்துக்கு ஒரு படி கீழ இருக்குற மைனர் கவுண்டி கிரிக்கெட் ஆடினார். அமெரிக்கா போய் பல வருஷம் இருந்துட்டு மறுபடி வேல்ஸுக்கே திரும்பினார்.

நடுவுல அந்தப் பந்தோட கதை ஒண்ணு இருக்கு, சொல்லாம விட மனசில்ல. ஆறாவது சிக்ஸருக்குப் போன பந்தை ஒரு ஸ்கூல் பையன் கண்டெடுத்து குடுத்து, அது சோபர்ஸ் கைக்குப் போய், கடைசில டிரென்ட் பிரிட்ஜ் மியூசியத்துக்கு வந்துச்சு. 2006-ல லண்டன்ல கிறிஸ்டீஸ் ஏலத்துல 'அந்த ஓவர்ல போட்ட பந்து'ன்னு ஒண்ணு 26,400 பவுண்டுக்கு ஏலம் போச்சு, வாங்கினது ஒரு இந்தியர். அதுக்கப்புறம்தான் குழப்பம். ஏலத்துல போனது டியூக் கம்பெனி பந்து. கிளமோர்கன் அந்த வருஷம் உபயோகிச்சது ஸ்டூவர்ட் சர்ரிட்ஜ் பந்து. அந்த ஓவர்ல ஒரே ஒரு பந்துதான் போட்டேன், அது டியூக் இல்லவே இல்லன்னு நாஷ் அடிச்சுச் சொன்னார். கையில வெச்சிருந்த மனுஷன் சொல்றதை விட வேற என்ன சாட்சி வேணும்? ஒரு வேல்ஸ் பத்திரிகையாளர் இதைத் துருவித் துருவி விசாரிச்சு ஒரு புத்தகமே போட்டார். தன்னை மட்டம் தட்டின பந்துக்காக அது ஒரிஜினல் இல்லன்னு இவரே சாட்சி சொல்ல வேண்டி வந்தது பாருங்க, இதுவும் ஒரு வேடிக்கைதான்.

நம்ம பக்கமும் ஒரு தொடர்பு இருக்கு. முதல்தர கிரிக்கெட்ல ரெண்டாவதா ஆறு சிக்ஸர் அடிச்சது ரவி சாஸ்திரி, 1985 ஜனவரி 10, வான்கடே, பரோடாவோட ரஞ்சி மேட்ச், போட்டவர் திலக் ராஜ். அன்னிக்கு சாஸ்திரி 113 நிமிஷத்துல டபுள் செஞ்சுரி. அதே சாஸ்திரி 1987-ல கவுண்டி ஆடப் போனது எந்த டீமுக்குன்னு நெனைக்குறீங்க? கிளமோர்கன்! நாஷ் வெளியேறி நாலு வருஷம் கழிச்சு அதே டிரெஸ்ஸிங் ரூமுக்குள்ள இவர் போறார். செயின்ட் ஹெலன்ஸ்ல அவர் பேட்டிங் பிடிக்கும்போது மெம்பர் சீட்ல உக்காந்திருந்த பெரியவங்க என்ன பேசியிருப்பாங்கன்னு கேக்கணும்னு ஆசை.

திலக் ராஜோட நிலைமையும் நாஷ் நிலைமைதான். 2007-ல டர்பன்ல யுவராஜ்கிட்ட ஆறு சிக்ஸர் வாங்கின ஸ்டூவர்ட் பிராட் மட்டும் தப்பிச்சார், எப்படின்னா அவர் 604 டெஸ்ட் விக்கெட் எடுத்தார், 2015-ல டிரென்ட் பிரிட்ஜ்ல ஆஸ்திரேலியாவை 15 ரன்னுக்கு 8 விக்கெட்னு காலி பண்ணார், அத்தனையும் டிவில உலகமே பாத்துச்சு. அந்த வீடியோ எல்லாம் சேர்ந்து டர்பன் வீடியோவை கீழ தள்ளிருச்சு. கவுண்டி பவுலருக்கு அந்த வசதி கிடையாது. 993 தடவை பேட்ஸ்மேனை அனுப்பி வெச்சதை அந்தந்த மைதானத்துல குடையும் தெர்மாஸ் பிளாஸ்க்குமா உக்காந்திருந்த சில நூறு பேர்தான் பாத்தாங்க.

இதுக்கு எதிர்க்கேள்வியும் இருக்கு, அதை நானே எழுப்பிடுறேன். ஷெப்பர்டு 2,218 எடுத்தார், நாஷை விட ரெண்டு மடங்குக்கும் மேல, தமிழ்ல அவரைப் பத்தி யாராவது ரெண்டு வரி எழுதிப் படிச்சிருக்கீங்களா? நான் படிச்சதில்ல. நாஷைப் பத்தி நான் எழுதுறேன்னா அது அந்த ஆறு பந்தாலதான், அது இல்லாம நான் அந்த நம்பர் பக்கம் போயிருக்கவே மாட்டேன். நாஷே இதைப் புரிஞ்சு வெச்சிருந்தார்னு தோணுது. டின்னர் மேடையில சிரிச்சுக்கிட்டே அந்தக் கதையைச் சொல்லுவார், சோபர்ஸோட நல்ல நட்பு, சோபர்ஸ் அந்த ஓவருக்குப் பேர் வாங்குனார்னா நானும் உதவி பண்ணியிருக்கேன்ல, நான் இல்லாம அவர் தனியா பண்ணியிருக்க முடியாதேங்கற தோரணையில. சிலர் அதை மனசைத் தேத்திக்குற பேச்சுன்னு சொல்லுவாங்க. எனக்கு அப்படித் தெரியல, பதினெட்டு சீசன் தொழில் பண்ண மனுஷனுக்கு தன் தரம் என்னன்னு தெரியாமலா இருக்கும்.

2018-ல அந்த ஓவருக்கு அம்பது வருஷம் ஆச்சு, ஸ்வான்ஸீல அதைக் கொண்டாடினாங்க. அடுத்த வருஷம், 2019 ஜூலை 30, நாஷ் 74 வயசுல இறந்துட்டார். இரங்கல் செய்தி தலைப்புல எல்லாம் சோபர்ஸ் பேர் இருந்துச்சு. 993ங்கற நம்பர் நாலாவது அஞ்சாவது பத்தியில வந்துச்சு, சிலதுல அதுவும் வரல.

ஒரே ஒருத்தரை மட்டும் சேர்த்துச் சொல்லிடுறேன். 2021 மார்ச், ஆன்டிகுவா, வெஸ்ட் இண்டீஸ் இலங்கையோட ஆடின டி20. இலங்கை பவுலர் அகிலா தனஞ்செயா ஒரு ஓவர்ல ஹாட்ரிக் எடுத்தார், லூயிஸ், கெயில், பூரன்னு மூணு பேரையும் அடுத்தடுத்து. அதே மேட்ச்ல அவரோட அடுத்த ஓவர்ல பொல்லார்டு ஆறு பந்தையும் சிக்ஸருக்கு அனுப்பிட்டார். இந்த மேட்ச் கிளிப் தேடிப் பாருங்க, ரெண்டும் கிடைக்குது, ஹாட்ரிக்கும் இருக்கு சிக்ஸரும் இருக்கு. ஹாட்ரிக் கிளிப்பை எத்தனை பேர் பாக்குறாங்கங்கறது வேற விஷயம்.